கீழே விட்ட இடம்

அந்த எந்திரத்தை நான் ஒரு நாளும் அதன் பெயரைச் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. "உங்க சின்ன வீடு" என்றுதான் சொல்வேன். என் வீட்டுக்காரர் அதற்குக் கோபப்படவும் மாட்டார். ஓய்வு பெற்ற மறு மாதமே ஒரு பெட்டி வந்து இறங்கியது. உள்ளே அலுமினியச் சட்டங்கள், மோட்டார்கள், பொட்டலம் பொட்டலமாகத் திருகுகள். வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு மருந்துக் கம்பெனியில் பேனா பிடித்த மனிதர். குழாய் ஒழுகினால்கூடப் பக்கத்து வீட்டு ஆளைத்தான் கூப்பிடுவார். அவர் தரையில் பாயை விரித்து உட்கார்ந்து, போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்து, நான்கு நாளில் அதைப் பூட்டிவிட்டார்.

"இது என்ன கருமம்?" என்று கேட்டேன்.

"சி.என்.சி. கம்ப்யூட்டர்ல எழுத்தோ படமோ வரைஞ்சு குடுத்தா, இந்த முனை அத அப்படியே மரத்துல செதுக்கும்."

"அப்பம் நீங்க என்ன செய்வீய?"

"நான் பாத்துக்கிட்டு இருப்பேன்."

"அத நீங்க கல்யாணம் ஆன நாள்ல இருந்து செஞ்சுக்கிட்டுத்தான இருக்கிய."

திலக் நகரில் எங்கள் வீடு ஒரு அறையும் சமையலறையும்தான். தாராவியில் பிறந்து வளர்ந்த எனக்கு அதுவே அரண்மனை. அந்த அரண்மனையில் ஜன்னலை ஒட்டிய மேசையை அது பிடித்துக்கொண்டது. என் துணி உலர்த்தும் கொடி போயிற்று. ஓடத் தொடங்கினால் பல் டாக்டர் வீட்டில் குடியிருக்கிற மாதிரி ஒரு சத்தம். குடியிருப்பு சொசைட்டியில் புகார் போய், காலையில் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை, சாயங்காலம் நான்கிலிருந்து ஆறு வரை என்று நேரம் குறித்துக் கொடுத்தார்கள். மரத்தூள் அரிசி டப்பாவுக்குள் எப்படிப் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரசத்தில் கிடந்ததைக் கரண்டியில் எடுத்துக் காட்டியிருக்கிறேன். "தேக்குதான், ஒண்ணும் செய்யாது" என்று குடித்துவிட்டார்.

முதலில் டம்ளர் வைக்கிற வட்டங்கள் செய்தார். எல்லாம் முட்டை வடிவத்தில் வந்தன. பிறகு போன் சாய்த்து வைக்கிற ஒரு தாங்கி. அதில் வைத்த போன் இரண்டு தரம் விழுந்து கண்ணாடி விரிசல் விட்டது. கோயிலில் இருக்கிறவர்களுக்கெல்லாம் சிலுவை போட்ட சாவிக்கொத்துகள் செய்து கொடுத்தார். யாரும் கேட்காமல் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? ஒரு வருஷத்தில் கை பழகிவிட்டது. புனேயில் வேலை பார்க்கும் எங்கள் மகளுக்கு ஒரு நகைப்பெட்டி செய்தார். மூடி கச்சிதமாகப் பொருந்தியது. அதை நான் பாராட்டவில்லை. மனதுக்குள் பாராட்டிக்கொண்டேன். அது அவருக்கு எப்படிக் கேட்கும்?

எனக்கு அவரிடம் ஒரு பழைய வழக்கு இருந்தது. எங்கள் கதவில் ஒரு பிளாஸ்டிக் பலகை, அதில் அவர் பெயர் மட்டும். விக்ரோலியில் ஒரு ஆபீஸில் நானும் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள். குர்லாவில் கூட்டத்தில் நசுங்கி ரயில் மாறி, செருப்பைத் தொலைத்து, வெறுங்காலோடு ஆபீஸுக்குப் போயிருக்கிறேன். இந்த வீடு வாங்கியதில் என் உழைப்பும் உண்டு. கதவில் என் பெயர் எங்கே? இதை வருஷத்துக்கு ஒரு தரமாவது கேட்டுவிடுவேன். பெரும்பாலும் வேறு எதற்கோ சண்டை போடும்போது.

ஒரு நாள் அவராகவே குர்லாவில் பழைய மரக்கடையிலிருந்து ஒரு தேக்குப் பலகை வாங்கிவந்தார். கம்ப்யூட்டரில் வரைந்து காட்டினார். மேலே அவர் பெயர், கீழே என் பெயர், இரண்டும் ஒரே அளவு, இரண்டும் தமிழில்.

"கூரியர்காரனுக்குப் புரியாதே" என்றேன்.

"அவனுக்கு வீட்டு நம்பர் போதும். பேரு நமக்குத்தான."

அன்று சாயங்காலம் பலகையை நான்கு கிளாம்ப் போட்டு இறுக்கினார். எந்திரத்துக்குக் கண் கிடையாது. பலகை எங்கே இருக்கிறது என்று நாம்தான் ஒரு மூலையைக் காட்டிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஜீரோ என்று பெயர். உயரம் பார்க்க, கோயிலில் ஞாயிற்றுக்கிழமை கொடுக்கிற அறிவிப்புத் தாளில் ஒரு துண்டு கிழித்துப் பலகை மேல் வைப்பார். முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார். தாளை இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும், கிழியக் கூடாது. அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வார். நானும் என்னை அறியாமல் பிடித்துக்கொள்வேன்.

அவர் பெயரின் கடைசி எழுத்து முடியும்போது ஆறு மணி ஆகிவிட்டது. நிறுத்திவிட்டார்.

"ஏட்டி, உன் பேரு நாளைக்கு."

"இத்தன வருசம் பொறுத்தேன், ஒரு நாள் பொறுக்க மாட்டேனா?"

மின்சாரம் போனால் ஜீரோவை மறந்துவிடும் என்று எந்திரத்தை அணைக்காமலே விட்டார். சுவிட்ச் மேல் ஒரு தாள் ஒட்டி "அணைக்காதே" என்று எழுதினார். அந்த ஏகாரத்தை நீட்டி எழுதியது எனக்காகத்தான்.

மறுநாள் காலை பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு மாதிரி இருக்கு" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஆட்டோவிலேயே முடிந்துவிட்டது. செம்பூர் நாகா சிக்னலில் வண்டி நின்றிருந்தபோது அவர் தலை என் தோளில் சாய்ந்தது. தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு, பச்சை விழும் வரை நான் அசையாமல் இருந்தேன்.

இந்த ஊர் வீடுகளில் சாவு விழுந்தால் முதலில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சவப்பெட்டியை வைக்க இடம் வேண்டுமே. ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வருவதற்குள் கட்டில், மேசை, டி.வி. எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தார் தூக்கி வெளி நடையில் வைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. மேல்மாடி மராத்திக்காரர் எந்திரத்தின் பக்கத்தில் நின்று, "பாபி, இஸ்கா க்யா கர்னா ஹை?" என்று கேட்டார். இதை என்ன செய்வது என்று கேட்கிறார், பாவம். நான் கத்தினேன். "ஃபேங்க் தோ! சப் ஃபேங்க் தோ!" தூக்கி எறி, எல்லாவற்றையும் எறி என்று.

அவர் எறியவில்லை. நல்ல மனிதர். பிளக்கைப் பிடுங்கினார். நான்கு கிளாம்ப்பையும் ஒன்றுவிடாமல் கழற்றி, திருகுகளை ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டு வைத்தார். பலகையைச் செருப்பு அலமாரி மேல் பத்திரமாகச் சாய்த்தார். எந்திரத்தை இரண்டு பேராகப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். என் வாயால் நான் சொன்னதால்தான் எல்லாவற்றையும் கழற்றினார்கள். அந்த வார்த்தையை நான் திரும்ப எடுக்க முடிந்திருந்தால் என்று எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகுதான் பலகையைத் திரும்பப் பார்த்தேன். மேலே அவர் பெயர், பள்ளத்தில் இன்னும் தூள். கீழே வெறும் மரம்.

"அம்மா, மெஷின வித்துரலாமா? எடம் அடைக்குது" என்றாள் மகள்.

"உங்கப்பா பாதி வேலையில விட்டுட்டுப் போயிருக்காவ. முடிச்சிட்டு விப்போம்."

முடிப்பது என்று வாய் சொல்லிவிட்டது. எனக்கு அதில் அ, ஆ தெரியாது. அவர் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். பலகையை இறுக்கு, தாள் வை, மூச்சைப் பிடி. உண்மையாகவே "மூச்சைப் பிடி" என்று எழுதியிருந்தார், மூன்றாவது வரியில். அதைப் படித்துச் சிரித்தேன். அவர் போன பிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

தூக்கிக்கொண்டு போனதில் எந்திரம் கோணிப்போயிருந்தது. சதுரம் வெட்டச் சொன்னால் சாய்ந்து வெட்டியது. மூலைக்கு மூலை தையல் நூலைப் பிடித்து அளந்து, திருகுகளைத் தளர்த்தி, தட்டி, மறுபடி இறுக்கினேன். ஒரு வாரம் ஆயிற்று. வெட்டும் முனைகளை வரிசையாக உடைத்தேன். ஒரு தரம் உயரத்தைத் தப்பாகக் கொடுத்து, முனை நான் பழக வைத்த வேறொரு பலகையைத் துளைத்து, அடியில் இருந்த தட்டையும் துளைத்து நின்றது. புகைந்தது. கீழ்வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டி, "கேஸ் கா ஸ்மெல் ஆ ரஹா ஹை க்யா?" என்று கேட்டாள், கேஸ் வாடை வருகிறதா என்று. ஆனால் நான் செய்த வட்டங்கள் வட்டமாகவே வந்தன. அவரிடம் காட்டி வம்பிழுக்க ஆள் இல்லை என்பதுதான் குறை.

அவர் பலகையைத் தொட எனக்கு நான்கு மாதம் பிடித்தது. கழற்றிய பலகையைப் பழைய இடத்திலேயே உட்கார வைப்பது லேசான காரியம் இல்லை. ஒரு மயிரிழை திரும்பினாலும் என் பெயர் அவர் பெயருக்குக் கீழே கோணலாக விழும். அவர் பெயரின் முதல் எழுத்து தொடங்குகிற புள்ளியில் முனையை இறக்கி நிறுத்தினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். தாளை வைத்தேன், மூச்சைப் பிடித்தேன். சரியாக வந்துவிட்டது. நான்கு மணி அடித்ததும் அவர் செய்துவைத்த அதே ஃபைலை ஓடவிட்டேன்.

அதில்தான் நான் மோசம் போனேன். ஃபைல் முதலிலிருந்துதான் ஓடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாதி முடிந்துவிட்டது, மீதிதான் பாக்கி, இது அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாதா என்று நினைத்தேன். அவர் செய்ததை அது மறந்திருக்காது என்று நம்பினேன்.

முனை அவர் பெயரின் முதல் எழுத்துக்குப் போயிற்று. பதறி, நிறுத்துகிற பொத்தான் மேல் விரலை வைத்துவிட்டேன். ஆனால் மரம் வெட்டுப்படவில்லை. பழைய பள்ளத்துக்குள்ளேயே, எங்கும் உரசாமல், தூள்கூட எழும்பாமல் முனை போயிற்று. அன்று அவர் உட்கார்ந்து பார்த்த அதே வளைவு, அதே சுழி. பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். போகட்டும், ஒரு தரம் முழுதாகப் பார்த்துவிடுவோம் என்று இருந்துவிட்டேன்.

இரண்டாம் எழுத்திலும் அப்படியே போயிற்று. மூன்றாவதில் லேசாகத் தூள் எழும்பியது. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. பலகை ஓரம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. தொடக்கத்தில் தெரியாத கோணல் போகப்போக விரிந்தது. நான் எழுந்து பிளக்கைப் பிடுங்கும்போது கடைசி எழுத்து வந்துவிட்டது. பழைய பள்ளத்துக்கும் புதிய பள்ளத்துக்கும் நடுவில் ஓர் அரிசி அகலம் மரம் பிய்ந்து நின்றது. பெயரின் பின்பாதி இரட்டை இரட்டையாகக் கிடந்தது. என் பெயர் அந்தத் தடவையும் வரவில்லை.

அவர் செத்த அன்று நான் இப்படி அழவில்லை. மேல்மாடிக்காரர் இறங்கி வந்து, வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அதன் பிறகு எந்திரத்தின் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடினேன். கதவில் பிளாஸ்டிக் பலகையே இருந்தது. தேக்குப் பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

இரண்டு வருஷம் ஆகப்போகிற சமயத்தில் கோயில் ஆபீஸிலிருந்து போன் வந்தது. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் மண் யாருக்கும் நிரந்தரம் இல்லை. குழியை ஒரு காலத்துக்குத்தான் தருவார்கள். பிறகு திறந்து, எலும்புகளை எடுத்து, சுவரில் ஒரு சின்ன மாடத்தில் வைப்பார்கள். குழி அடுத்த ஆளுக்கு. இது எனக்குத் தெரியாததில்லை. என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் இவர் விஷயத்தில் அந்த நாள் வராது என்கிற மாதிரி இருந்துவிட்டேன்.

ஆபீஸில் பேசியவள் தாராவிப் பெண், நம் பக்கத்து ஆள். மாடத்தை மூடுகிற பலகையின் நீள அகலம் சொன்னாள். மரம் கூடாது, மழையில் உளுத்துப்போகும் என்றாள். பிறகு, "அக்கா, பேர மேல் பாதியில மட்டும் எழுதச் சொல்லுங்க. கீழ எடம் விட்டுருங்க" என்றாள்.

"கீழ எதுக்கு?"

"குடும்பத்துக்கு ஒரு மாடந்தான் அக்கா. பின்னால உங்களுக்கு..." என்றவள் நிறுத்திக்கொண்டாள். "தப்பா எடுத்துக்கிடாதிய."

தப்பாக எடுக்க என்ன இருக்கிறது? உள்ளதைத்தானே சொன்னாள். போனை வைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து தேக்குப் பலகையை இழுத்துப் பார்த்தேன். மேலே அவர் பெயர், கீழே வெறும் மரம்.

கல் வேலை செய்கிறவர்களிடம் கொடுத்தால் இரண்டு நாளில் எழுதித் தந்துவிடுவார்கள். மகளும் அதைத்தான் சொன்னாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மான்குர்த்தில் சமையல் மேடை செய்கிற ஒரு பட்டறையில் செயற்கைக் கல் துண்டு கிடைத்தது. வெள்ளை. பார்த்தால் பளிங்கு, வெட்டினால் மரம் மாதிரி இழைகிறது. போர்வையை எடுத்தேன். எந்திரத்தைத் துடைத்தேன். மறுபடி நூல் பிடித்தேன். துண்டுக் கற்களில் ஒன்பது தரம் அவர் பெயரை வெட்டிப் பார்த்தேன், பத்தாவதாகத்தான் உண்மைப் பலகையை ஏற்றினேன்.

இந்தத் தடவை என் பெயரையும் அவர் பெயரையும் தனித்தனி ஃபைலாகச் செய்தேன். பலகையின் இரண்டு மூலைகளில் முதலில் துளை போட்டேன். அடியில் இருக்கிற தட்டிலும் அதே இடத்தில் துளை. இரண்டு ஆணியைச் சொருகினால் பலகை எத்தனை தரம் கழற்றினாலும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். இது அவர் நோட்டில் இல்லை. கழற்றிய பலகையால் பட்டவள் நான், அதனால் எனக்குத் தெரிந்தது.

மகள் புனேயிலிருந்து வந்திருந்தாள். அவள் முன்னால்தான் அவர் பெயரை வெட்டினேன். அவள் தாள் துண்டைப் பிடித்துக்கொண்டாள். மூச்சைப் பிடி என்று நான் சொல்லவில்லை. அவளாகவே பிடித்துக்கொண்டாள். கடைசி எழுத்து முடிந்ததும் எந்திரத்தை நிறுத்தினேன்.

"நல்லாப் பாத்துக்க. பின்னால இந்தப் பலகையச் சுவத்துல இருந்து கழத்தித்தான் தருவாவ. இந்த ரெண்டு ஓட்டையில ஆணியச் சொருகுனா தானா உக்காரும். மொத ஃபைலத் தொடாத. ரெண்டாவத மட்டும் ஓட்டு. இல்லன்னா நான் அப்பா பேர அன்னைக்குக் கெடுத்த மாதிரி நீயும் கெடுத்துருவ."

"அம்மா, ப்ளீஸ். மத் போலோ, அப்படிச் சொல்லாத. இதெல்லாம் இப்ப எதுக்குச் சொல்லுத?"

"வேற யாருட்டச் சொல்ல?"

அவள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். நான் போய் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அழாதே என்று சொல்லவில்லை, எனக்கும் வந்துகொண்டிருந்தது.

குழி திறந்த அன்று லேசான தூறல். அங்கே நான் பார்த்ததை எழுதப்போவதில்லை. என் கையில் கொடுத்த பெட்டி அவ்வளவு லேசாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, அது மட்டும் சொல்கிறேன். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்த தலை எத்தனை கனம் கனத்தது. பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்தார். பெட்டியை மாடத்துக்குள் வைத்தோம். அங்கே வேலை பார்க்கிறவர் பலகையை வைத்து, நான் போட்ட அந்த இரண்டு துளைகளிலேயே திருகைப் போட்டு முடுக்கினார். பெயர் ஒரு நூல்கூடக் கோணவில்லை. அவர் கீழ்ப்பாதியைத் தட்டி, "நீச்சே காலி ஹை" என்றார். கீழே காலியாக இருக்கிறதே என்று.

"வோ மேரா ஹை" என்றேன். அது என்னுடையது. கதவில் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத இடம், இங்கே கேட்காமலே கிடைத்துவிட்டது.

மறுநாள் காலை மகள் புனேக்குக் கிளம்பினாள். பையை மூடியவள் மறுபடி திறந்து, ஒரு பென் டிரைவை எடுத்துக் கம்ப்யூட்டரில் சொருகினாள். என்னைப் பார்க்காமல், "ரெண்டாவது ஃபைல் எதும்மா? பேரு என்ன போட்டிருக்க?" என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரர் கடைசியாக எந்திரத்தை நிறுத்திய அன்று, ஆறு மணிக்கு என்னிடம் சொன்னதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும் சொன்னதில்லை.

"'நாளைக்கு'ன்னு இருக்கும் பாரு" என்றேன்.

அவள் தேடி எடுத்துக்கொண்டாள்.